வெயிலுக்குப் போன இராமலெட்சுமி

இராமலெட்சுமியின் தோல் பால்வெள்ளை. தலைமயிர் வைக்கோல் நிறம். அப்படியே பிறந்தவள். கொழும்பில், கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் தனியறை எடுத்து, விடியுமுன் இடியப்பம் பிழிந்து பௌஸியின் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டாள். வெயில் ஏறினால் கதவைச் சாத்திவிடுவாள். தவிர்க்க முடியாமல் வெளியே போனால் நீளக் கைச் சட்டை, முக்காடு, அதற்கு மேல் கறுப்புக் குடை. காதோரம் வந்த புண்ணை ஏற்கெனவே வெட்டி எடுத்தாயிற்று. இப்போது மூக்கில் இன்னொன்று. இனி வெயில் பட்டால் இதுவும் புற்றாகும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சொன்னவருக்கென்ன! பகலெல்லாம் இருட்டறையில் கிடப்பவளோடு யார் கதைப்பது? தாய் மலைநாட்டுத் தோட்டத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். ஒழுங்கைச் சனம் இவளைக் கண்டால் ஒதுங்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் இவள் முகத்தில் விழிக்கவே மாட்டார்கள். பிள்ளையும் இப்படிப் பிறந்துவிடுமாம். என்ன மூளையோ! பக்கத்து வீட்டு நேசம் தன் பிள்ளைகளை ஏசுவது சுவரைத் தாண்டிக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் இவளுக்குத் துணை.

நகரில் குண்டு வெடித்த கிழமை, ஒரு காலையில் ஆமி ஒழுங்கையை வளைத்தது. தமிழர் எல்லோரும் அடையாள அட்டையோடு மைதானத்துக்குப் போக வேண்டுமாம். கதவைத் தட்டிய சிப்பாய் இவளைக் கண்டதும் குரலைத் தணித்தான். வெள்ளைக்காரன் வழிவந்த பறங்கிப் பெண்ணென்று நினைத்துவிட்டான், பாவி. "நோனா உள்ளேயே இருங்கள்" என்று, துரைசானியிடம் பேசுவதுபோல், சிங்களத்தில் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

தப்பினாள் என்றுதானே சொல்வீர்கள்? ஒழுங்கை காலியானது. சுவருக்கு அப்பால் ஒரு சத்தமில்லை. இத்தனை வருடமும் தனியாகத்தான் இருந்தாள். ஆனால் இந்தத் தனிமை வேறு. பொறுக்க முடியவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு, குடையை விரித்து மைதானத்துக்கு நடந்தாள்.

அங்கே உச்சி வெயிலில் சனம் வரிசையாக நின்று காய்ந்துகொண்டிருந்தது. அதே சிப்பாய் ஓடி வந்தான். அவள் அட்டையை நீட்டினாள். படம் மங்கியிருந்தது, தமிழ்ப் பெயர். வேலைக்காரியின் அட்டையை நோனா கொண்டுவந்திருக்கிறா என்று எண்ணி, வரிசையைப் பார்த்து அரைகுறைத் தமிழில் கேட்டான்:

"இவங்க உங்கட ஆளா?"

சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இராமலெட்சுமி வரிசையை முகம் முகமாகப் பார்த்தாள். இல்லையென்று சொல்லிவிடுவார்களோ?

"ஓம், எங்கட ஆள்தான்" என்றாள் நேசம். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள்.

சிப்பாயின் பணிவு போன இடம் தெரியவில்லை. குடையைப் பிடுங்கினான், முக்காட்டை எடுக்கச் சொன்னான், வரிசையில் தள்ளினான். மூக்குப் புண்ணில் வெயில் நெருப்பாய் எரிந்தது.

செய்தது என்னவென்று நேசத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, என்ர வாயாலதானே! இல்லையெண்டு சொல்லியிருந்தா வீட்ட போயிருப்பியளே அக்கா!"

இராமலெட்சுமி கூசும் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"இல்லேன்னு சொல்லிருந்தா செத்தே போயிருப்பேன் புள்ள."