கட்டுமாவடியில் காட்டிய பத்து விரல்

காலை ஐந்தே முக்காலுக்குப் பொன்னமராவதி பேருந்து நிலையத்தில் இருந்தேன். புதுக்கோட்டைக்கு முப்பது ரூபாய் டிக்கெட். அங்கிருந்து அறந்தாங்கி, பிறகு கட்டுமாவடி. மூன்று பஸ்ஸிலும் பலகையை எழுத்துக்கூட்டி நானே படித்துத்தான் ஏறினேன், யாரையும் கேட்கவில்லை.

போன காரியம் இதுதான். வெளிநாடுகளிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். ரேஷன், பென்ஷன், சான்றிதழ் எல்லாம் கைரேகை மெஷின் வழியாக இங்கே எப்படி நடக்கிறது, அவர்கள் நாட்டில் எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கூட்டம். மெஷினில் விரல் வைத்துக் காட்ட எங்கள் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மகளிர் குழுவுக்குப் பதினெட்டு வருஷமாக நான்தான் தலைவி. வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? எங்கள் ஊரில் இ-சேவை மையம் கிடையாது. ஒரு சான்றிதழுக்குப் பதினோரு கிலோமீட்டர் போக வேண்டும். நல்லபடியாகக் காட்டிவிட்டுப் பெரிய அதிகாரியிடம் மையம் கேட்டு மனுவைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி ஊரார் அனுப்பியிருந்தார்கள். மனு என் பையில் இருந்தது.

சீமைக்காரர்கள் முன்னால் வெறுங்கையோடு நிற்பதா என்று, முந்தின நாள் மதியமே பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் மருதாணி அரைத்துப் பத்து விரலுக்கும் தொப்பி வைத்துவிட்டாள். நன்றாகச் சிவந்திருந்தது.

அறந்தாங்கியில் டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை அதிகம். கட்டுமாவடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரப் பெண் என் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன ஆத்தா, வீட்டுல கல்யாணமா?"

"மீட்டிங்கு."

"மீட்டிங்குக்கு மருதாணியா? அடுத்த வாட்டி எனக்கும் சொல்லி விடுங்க, வாரேன்."

பத்தேகாலுக்கு இறங்கினேன். கடல் அலையே இல்லாமல், மழை பெய்து நிறைந்த எங்கள் கண்மாய் மாதிரி கிடந்தது. கரையோரம் கூடம். உள்ளேயும் கருவாட்டு வாடை.

பதினொன்றரைக்கு என்னை மேடைக்கு அழைத்தார்கள். வலது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. ஒவ்வொன்றாகப் பத்து விரலும் வைத்தாயிற்று. மருதாணிதான் ரேகையை மறைக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு வர வேண்டிய மையம் என் கையாலேயே போயிற்றே என்று இருந்தது.

கூட்டம் நடத்தியவர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்க அங்கிட்டு உக்காருங்க. அடுத்தவங்க வரட்டும்."

நான் நகரவில்லை. "எதுக்கு சார் மறைக்கணும்? ஆடி மாசம் பூரா மருதாணிக் கையோட ரேஷன் கடையில பாதிப் பொம்பளைங்க இப்படித்தான் திரும்பிப் போறோம். அதையும் அவங்ககிட்டச் சொல்லுங்க."

மொழிபெயர்க்கும் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சொன்னாள். முன் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். ஆப்பிரிக்காவில் மொம்பாசா என்ற ஊராம். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மணிக்கட்டு வரை மருதாணிப் பூ, கறுப்பாக. அவர்கள் ஊரிலும் கல்யாணம் முடிந்த வாரம் மெஷின் இப்படித்தான் கழுத்தறுக்குமாம். அதனால் அவர்கள் தெருப் பெண்கள் இடது சுட்டுவிரலை மட்டும் விட்டுவிட்டுப் போடுகிறார்களாம். அந்த வெறும் விரலை என் கண் முன்னால் நீட்டினார். இவ்வளவுதானா என்று இருந்தது.

எங்களிடம் என்ன வழி என்று கேட்டார். சில கடைகளில் கண்ணைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளும் மெஷின் இருக்கிறது, எங்கள் கடைக்கு வரவில்லை என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். அவர் சொன்னதை எங்கள் அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பெரிய அதிகாரியிடம் மனுவை நீட்டினேன். நின்றபடியே படித்தார். பேனாவை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தார். நான் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினேன்: 'கண் கருவியுடன்.' தருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரவு ஏழரைக்கு வீடு. செல்லம்மாளிடம் அடுத்த தடவை ஒரு விரலை விட்டுவிடச் சொன்னேன்.

"ஒத்த விரல மட்டும் மூளியா விடவா? நல்லாவா இருக்கும்?"

"மொம்பாசாவுல அப்படித்தான் போடுறாங்க."

"அது எங்கிட்டு இருக்கு?"

எனக்கும் தெரியாது. கட்டுமாவடிக் கடலுக்கு அங்கிட்டு என்றேன்.

இந்த ஆடிக்கு எங்கள் தெருவில் எல்லோரும் இடது சுட்டுவிரலை விட்டுத்தான் போட்டோம். ரேஷன் கடையிலிருந்து யாரும் திரும்பவில்லை. மையம் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும், விரல் இருக்கிறது.