சேலைக்குள் சுற்றி வைத்த டயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வாரம் நான் கோபமாக இருக்கிறேன். சிரிக்கலாம் என்று வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. மூன்று மணிக்கு எனக்கு டியூட்டி. டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கிற முதியோர் இல்லத்தில். விடியற்காலையிலிருந்து பனி கொட்டி, பத்து மணிக்கெல்லாம் எங்கள் தெரு முழுக்க வெள்ளை. பயந்தேனா? இல்லை. அன்று காலைதான் என் வீட்டுக்காரர் காருக்குப் பனிக்காலத்து வின்டர் டயர் மாற்றியிருந்தார். மாற்றி முடித்து, நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இனி நீர் ஒண்டுக்கும் யோசிக்காமல் போம்.”

யோசிக்காமல் போனேன். அதுதான் பிழை.

பள்ளிக்கூடத்தடியில் ஒரு சந்தி இருக்கிறது. சைக்கிள் பாதை குறுக்கே போகும். கோட்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நான் முப்பதில்கூடப் போகவில்லை. தூரத்திலேயே பிரேக்கில் கால் வைத்தேன். காலுக்கடியில் டக டக டக என்று பிரேக் துடித்தது... கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அதற்கும் கேட்கவில்லை. கார் தன் பாட்டுக்கு, ஒரு அவசரமும் இல்லாமல், கோட்டைத் தாண்டிச் சைக்கிள் பாதைக்குள் போனது.

அங்கே ஒரு சிறுமி. பத்து வயதிருக்கும். ஹெல்மெட், முதுகில் புத்தகப் பை. சைக்கிளில் இருந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றி, அசையாமல் என் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கார் நின்றபோது பம்பருக்கும் அவளுடைய முன் சில்லுக்கும் இடையில் ஒரு முழம் இடம்கூட இல்லை.

கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து இறங்கினேன். அவள்தான் முதலில் பேசினாள். டேனிஷில், மெல்லிய குரலில், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றாள்.

அவள்! என்னிடம்! எதற்கு? தன் பாதையில் ஒழுங்காக வந்ததற்கா? ஒன்றும் நடக்கவில்லையே, நோகிறதா என்று மாறி மாறிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், தள்ளி நின்று ஏறி ஓடிவிட்டாள். நான் காரை ஓரமாக விட்டுவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விம்மி விம்மி அழுதேன்.

பிறகு, அந்த வாரம் லீவில் வீட்டில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்... அதாவது, சொல்லத் தொடங்கினேன். கார் வழுக்கிக் கோட்டைத் தாண்டிவிட்டது என்ற இடம் வரைக்கும்தான் வந்திருப்பேன்.

“சில்லின்ர றிம் ரோட்டோரக் கல்லில முட்டினதோ?”

இதுதான் என் கணவர் கேட்ட முதல் கேள்வி. நான் எழுதினால் அவர் கோபித்துக்கொண்டு ஒரு நேரம் சாப்பிட மாட்டார் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கிடக்கட்டும். எழுதத்தான் போகிறேன்.

இரண்டாவதாகச் சொன்னது இன்னும் விசேஷம். “நீர் சடாரெண்டு பிரேக்கை அமத்தியிருப்பீர். அது அந்தமாதிரி டயர். அதில பிழை வராது.”

‘அந்தமாதிரி’ என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் மிக உயர்ந்தது என்று அர்த்தம். இந்த இடத்தில் அந்த ‘அந்தமாதிரி’ டயரின் சரித்திரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகள் முதலாம் வகுப்புப் படித்தபோது வாங்கியவை அவை. இப்போது அவள் ஓகூஸ் நகரத்தில் பல்கலைக்கழகம் போகிறாள். அப்போது கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். குறை எங்கே தொடங்கியது தெரியுமா? நல்ல டயர் என்பதால் அதைப் பாவிக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஊரெல்லாம் ஒக்டோபர் விடுமுறையோடு டயர் மாற்றும். இவர் மாற்ற மாட்டார். “வெறும் ரோட்டில ஓடினாத் தேஞ்சு போகும்.” நவம்பர் வரும். மழை, குளிர், காலையில் கண்ணாடியில் உறைபனி. மாற்ற மாட்டார். “பனி கொட்டட்டும், பாப்பம்.” டென்மார்க்கில் பனி என்ன, சம்பளம் மாதிரி மாதம் தவறாமல் வருகிறதா? சில வருடம் நாலு நாள் கொட்டும். சில வருடம் அதுவும் இல்லை. கொட்டுகிற அன்று ஓடிப்போய் மாட்டுவார். கரைந்த மறுவாரம் கழற்றுவார். கழற்றி, ஷாம்பு போட்டுக் கழுவி, துடைத்து, என்னுடைய பழைய நூல் சேலைகளால் ஒவ்வொன்றையும் சுற்றி ஷெட்டுக்குள் வைப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்த மனிதர் இப்படிப் போர்த்திவிட்டது கிடையாது.

நடுவில் கார் பழுதாகி இன்னொன்று வாங்கினோம். எப்படி வாங்கினோம்? நிறம் பார்த்தா, என்ஜின் பார்த்தா? இந்த டயர் எந்தக் காருக்குப் பொருந்துமோ அந்தக் காரைத் தேடி வாங்கினோம். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று வேலைக்குப் போனதும் வந்ததும் மாட்டுவண்டி வேகத்தில். மறுநாள் காலை தேத்தண்ணீர் குடிக்கும்போது அந்தச் சிறுமியைப் பற்றி முழுதாகச் சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார். அப்பாடா, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எழும்பிப் போய் யாருக்குப் போன் எடுத்தார் என்கிறீர்கள்? டயர்க் கடைக்கா? பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் இருக்கிற அத்தானுக்கு!

அத்தான் இவருடைய அக்காவின் கணவர். முப்பது வருடமாகத் தையல் தொழிற்சாலையில் வேலை. ஆனாலும் எங்கள் சனத்தில் கார் என்று பேச்செடுத்தால் கடைசித் தீர்ப்பு அவருடையதுதான். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“பின்பக்கம் பாரம் காணாது,” என்றார் அத்தான். “டிக்கிக்குள்ள ரெண்டு அரிசி மூட்டை வைச்சுப் பாரும்.”

“ஓம் அத்தான், அது சரி,” என்கிறார் இவர். எங்கள் காரை இழுப்பது முன் சில்லு. பின்னுக்கு அரிசியை ஏற்றினால் முன்னுக்கு என்ன ஆகும்? யோசிக்க ஆளில்லை. இரண்டு பேரும் சேர்ந்து காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று கால்மணி நேரம் கதைத்தார்கள். அந்தக் காரைத் தினமும் ஓட்டுகிற ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை? ம்ஹும். இவர் வேலைக்குப் போவது ரயிலில். அத்தான் ரிட்டயர் ஆகிவிட்டார். பனியில் கார் ஓட்டுவது நான் மட்டும்.

கார்த் திறப்பை எடுத்தேன். “நான் டயர் கடைக்குப் போறன். வாறதெண்டா வாங்கோ.”

வந்தார். சும்மா வரவில்லை, டயர் வெட்டுகளின் ஆழத்தை அளக்கிற கருவியைப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கம்பளித் தொப்பி, கை முழுக்கக் கறுப்பு. இவர் குனிந்து கருவியை வைத்து அளந்து, வெற்றியோடு நிமிர்ந்தார். “ஏழு மில்லிமீற்றர்! கிட்டத்தட்டப் புதிசு!”

“ஓம், ஆழம் நன்றாகத்தான் இருக்கிறது,” என்றாள் அவள். சொல்லிக்கொண்டே பெருவிரல் நகத்தை டயரில் ஊன்றி அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினாள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் செய்த வருடம். எண்ணிப் பார்த்தாள். “பதின்மூன்று வருடம். ரப்பர் இறுகிவிட்டது. குளிரில் மெதுமையாக இருந்தால்தான் பனியைப் பிடிக்கும். இது இப்போது பிளாஸ்டிக்.”

“ஆனால் நாங்கள் ஓடவே இல்லையே!” என்றார் இவர். அந்தக் குரலில் இருந்த பரிதாபம்... எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

“ஓடாவிட்டாலும் வயது போகும்தானே,” என்றாள்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு புது வின்டர் டயரை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். “அழுத்திப் பாருங்கள்.” இவர் அழுத்தினார். நகம் மெத்தென்று இறங்கியது. பழையதை அழுத்தினார். திரும்பப் புதியதை அழுத்தினார். நான்கைந்து தரம் மாறி மாறி அழுத்தியிருப்பார். அளக்கிற கருவி பொக்கெற்றுக்குள் போய்விட்டது.

டயர்காரி அதோடு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். யார் ஓட்டுவது? எந்த ரோட்டில்? எத்தனை மணிக்கு? பனி வந்தால் வேலைக்குப் போகாமல் இருக்கலாமா? பாருங்கள், பதின்மூன்று வருடத்தில் என்னிடம் இதை ஒருவர் கேட்டதில்லை! வயல் ரோடு, பனியைக் கரைக்க உப்புப் போடுகிற லொறி அங்கே கடைசியாகத்தான் வரும், போகாமல் இருந்தால் என்னுடைய கிழவர்களுக்கு மருந்து கொடுக்க ஆளில்லை என்றேன்.

இதற்குள் இவருக்கு உயிர் திரும்பிவிட்டது. வருடம் முழுவதும் போடுகிற டயர் ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டால் கழற்றிப் பூட்டுகிற வேலை மிச்சமாமே? நகரத்துக்குள் மட்டும் ஓடி, பனி நாளில் பஸ்ஸில் போக முடிந்தவர்களுக்கு அது நல்லதுதான், வயல் ரோட்டில் ஓடுகிற எனக்குக் காணாது என்றாள் அவள். மலையும் பனிப்பூவும் போட்ட அடையாளத்தைக் காட்டினாள். பனியில் சோதித்துப் பார்த்த டயருக்குத்தான் அது இருக்குமாம். எங்கள் பொக்கிஷத்தில் அதைத் தேடினோம். வெறும் எழுத்துகள்தான் இருந்தன.

நான் தெரிந்தெடுத்தேன். என் காருக்கு என்ன டயர் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தெரிந்தெடுத்தேன்.

புது டயர்களைப் பூட்டி முடித்ததும் இவர் மெதுவாக அவளிடம் கேட்டார், பழையதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று. நான் பார்த்த பார்வையில் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள், இது என் வீட்டில் மட்டுமா? உங்கள் வீட்டில் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டீர்களா? சோபாவில் உறை இல்லாமல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? நாங்கள் நல்ல சாமான் வாங்கத் தெரியாத சனம் இல்லை. நல்லதைப் பாவிக்கத் தெரியாத சனம். நாய் பெற்ற தெங்கம்பழம், உருட்டுமே தவிரத் தின்னாது! விசேஷ நாள் வரும், விருந்தாளி வருவார், அப்போது எடுப்போம், எடுப்போம் என்று வைத்து...

என்னையும் சொல்லத்தான் வேண்டும். தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கட்டிய, கூறைச் சேலையளவு விலையுள்ள பட்டுச்சேலையை, அதற்குப் பிறகு ‘நல்ல நாளுக்கு’ என்று மடித்து வைத்திருந்தேன். போன வருடம் எடுத்து விரித்தால் மடிப்புக்கு மடிப்பு கிழிந்து கிடக்கிறது. அன்று இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சேலை கிழிந்தால் நட்டம் எனக்கு மட்டும். டயர் இறுகினால், தன் பாதையில் ஒழுங்காக வருகிற யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைக்கல்லவா? நானும்தானே பதின்மூன்று வருடம் கேள்வி கேட்காமல் ஓட்டினேன்?

சனிக்கிழமை பனி முழுவதும் கரைந்துவிட்டது. டென்மார்க் அல்லவா! மழை, ஐந்து பாகை, கறுப்பு ரோடு. நான் வேலைக்கு வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தால், இவர் கார் பக்கத்தில் குந்திக்கொண்டு இருக்கிறார். கையில் ஸ்பானர். தோளில் என்னுடைய இன்னொரு சேலை.

“பனி விட்டிட்டுது,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “வெறும் ரோட்டில சும்மா தேஞ்சு போகுமெண்டு...”

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

“இஞ்சருங்கோ, டயர் தேஞ்சா வேற வாங்கலாம்,” என்றேன்.

அந்தச் சிறுமியைப் பற்றிய மிச்சத்தை நான் சொல்லவில்லை. அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.