திரும்பித் திரும்பிப் போகும் லொறி

உளவளத்துணை, அதாவது கவுன்சலிங் என்பது, புத்தகத்தில் நன்றாக வேலைசெய்யும் முறைகளை அந்தப் புத்தகத்தை வாசிக்காத மனிதர்களிடம் செய்துபார்க்கும் தொழில். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியவர்களே, தில்லையடியில் என் ஆலோசனை அறைக்கு வந்த, அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் கூப்பிடும் நிஸ்தார் நம்ம ஆள்தான்.

சாட்சிக் கொப்பி

நானா கண்டக்குழியிலிருந்து மதுரங்குளிக்கு மீன் லொறி ஓட்டுகிறார். சில்லு பள்ளத்தில் விழுந்தால் போதும், றோட்டில் யாரையோ மோதிவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடும். லொறியைத் திருப்பிக்கொண்டு போய் றோட்டைப் பார்ப்பார். அதற்குள் ஐஸ் கரைந்துவிடும். இன்னும் ஒரு மாதம்தான் பார்ப்பேன், பிறகு சாவியைத் தந்துவிட்டுப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதலில், எண்ணத்தைச் சோதிக்கும் முறை. ஒரு கொப்பியில் ஒரு பக்கம் அதற்குச் சாட்சி, மறுபக்கம் எதிர்ச்சாட்சி எழுதச் சொன்னேன். பலருக்கு இது நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. நானாவோ சாட்சி தேடுவதற்கென்றே கூடுதலாகத் திரும்பியிருக்கிறார்.

"முந்தி சும்மா பாத்துட்டு வந்தன் மிஸ். இப்ப எழுதவும் வேண்டிக்கிடக்கு."

பக்கத்து சீட்

அடுத்தது, எண்ணத்தோடு வாதாடாத முறை. வந்தால் வரட்டும், பக்கத்து சீட்டில் இருக்கட்டும், நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். எனக்கு மிகவும் பிடித்த முறை இது, அழகாகவும் விளக்குவேன். அடுத்த கிழமை நானா வாடிப்போய் வந்தார்.

"இருந்தாப் பரவாயில்ல மிஸ், அது ஸ்டியரிங்கயெல்லோ புடிக்குது!"

திரும்பாத நாள்

மூன்றாவதில் பேச்சே குறைவு. எண்ணம் எவ்வளவு கத்தினாலும் லொறியைத் திருப்பக் கூடாது. பயம் ஏறும், பிறகு தானாக இறங்கும். முதலில் ஒரு பள்ளம், பிறகு இரண்டு என்று பழகினோம். சட்டை நனைய நனைய ஓட்டினார் மனுஷன்.

முழு வழியும் திரும்பாமல் ஓடவேண்டிய நாள் வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாலாவிச் சந்திக்கு வந்திருப்பார் என்று கணக்குப் பண்ணி போனில் கோல் எடுத்தேன். பிறகும் எடுத்தேன், பிறகும் எடுத்தேன்; ஒவ்வொரு தரமும் "ஓடிக்கிட்டிருக்கன் மிஸ்" என்றதோடு வைத்துவிட்டார். பின்னேரம் அவரே கோல் எடுத்தார். ஐஸ் கட்டியாகவே இருந்ததாம், சாவி இனி அவர் கையில்தானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பள்ளத்துக்கும் திருப்பல்ல மிஸ். ஓரங்கட்டி நிப்பாட்டினது மட்டும் மூணு தரம், மூணும் உங்கட கோலுக்கு."

எந்த முறை சிறந்தது என்று கேட்டால், நானாவுக்கு மூன்றாவதுதான் என்று அடித்துச் சொல்வேன். போனை மேசை லாச்சியில் பூட்டிவைத்து நானும் அதைத்தான் பழகுகிறேன், வியர்க்கத்தான் செய்கிறது.