நாலு மணிக்கு ஓடிய வீடியோ

1. போன வருடம் ஆடி நோம்பிப் பண்டிகைக்கு, அனுப்பர்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். வீட்டில் இருக்கும் மீடியா சர்வரைச் சென்னையிலிருந்தே பார்க்க வழி செய்துவிட்டுத் திரும்பினேன்.

2. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

3. சில நாட்கள் கழித்து, அப்பா எடுத்த ஆயுத பூஜை வீடியோவை வீட்டில் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதாகச் சர்வர் காட்டியது.

4. வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான். "நான் போடலியே கண்ணு" என்றார்.

5. அப்பா இறந்து அப்போது ஒரு வருடம் முடிந்திருந்தது.

இப்படி வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்கு மனம் நிதானப்படும். நான் படித்தது நெட்வொர்க்கிங், பார்க்கும் வேலையும் அதுதான். ஒரு கோளாறு என்றால் எங்கே ஆரம்பித்தது, அடுத்து என்ன ஆனது என்று எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

மீடியா சர்வர் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்தான். குடும்பப் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, டிவியிலும் செல்போனிலும் பார்க்கும்படி வைத்திருந்தேன். அவற்றில் அப்பா எடுத்த ஆயுத பூஜை வீடியோக்கள் நிறைய. எங்கள் வீடு மாடியில், கீழே பனியன் கம்பெனி. அப்பா இருந்தவரை கம்பெனியை அவர்தான் நடத்தினார். ஒவ்வொரு பூஜைக்கும் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பதிலிருந்து பொரி கொடுப்பது வரை செல்போனில் எடுத்துவிடுவார். எடுப்பவர் அவரே என்பதால் ஒன்றில்கூட அவர் முகம் இருக்காது, குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் குரலைச் சென்னையில் கேட்கத்தான் இவ்வளவு பாடுபட்டேன். சிக்கல் இதுதான். எங்கள் இன்டர்நெட் இணைப்பு முதலில் கீழே கம்பெனி ஆபீசில் இருக்கும் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு வயர் மாடிக்கு வந்து, எங்கள் ரூட்டரில் சேர்கிறது. இரண்டுமே தனக்குப் பின்னால் இருப்பதை வெளியே காட்டாமல் மறைத்துவைக்கும். வெளியிலிருந்து வருபவர் முதல் கதவைத் திறந்தாலும் இரண்டாவது கதவில் நின்றுவிடுவார். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கேட்டேன். "அதுக்கென்னுங்க, பாஸ்வேர்டு அதுலயே ஒட்டியிருக்குதுங்க, பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கீழ்ப் பெட்டியில் வழியைத் திறந்துவிட்டேன். மாடி ரூட்டர் கதவாக நிற்க வேண்டாம், வெறும் பாலமாக இருந்தால் போதும் என்று மாற்றிவைத்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் தீர்வுதான் அது.

சென்னைக்கு வந்து சில நாட்கள் நன்றாகப் பார்த்தேன். பிறகுதான் அந்த மூன்றாவது விஷயம் நடந்தது. ஆபீசில் சர்வர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தபோது, 'டிவி, ஓடிக்கொண்டிருக்கிறது' என்று வந்தது. கீழே ஒரு சிவப்புக் கோடு மெல்ல நகர்ந்தது. சிறிது நேரம் ஓடி நின்றுவிட்டது. மறுநாளும் நாலு மணி வாக்கில் அப்படியே. நேற்று நின்ற இடத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் நகர்ந்து, நின்றது.

வெளியாள் யாராவது நான் திறந்த வழியில் நுழைந்திருப்பார்களோ என்றுதான் முதலில் பயந்தேன். வெளியிலிருந்து வருவதற்குப் பாஸ்வேர்டு உண்டு. யார் வந்துபோனார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகளைப் புரட்டினேன், அப்படி யாரும் வரவில்லை. வீட்டுக்குள் இருக்கும் டிவிக்குப் பாஸ்வேர்டு கேட்காதபடி வைத்திருந்தேன், அம்மாவுக்கு அதெல்லாம் தட்டத் தெரியாது என்பதால். பார்ப்பது உள்ளே இருக்கும் டிவிதான் என்று சர்வர் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஒரு நாள் கோடு நகரத் தொடங்கியதும் அம்மாவைப் போனில் அழைத்தேன்.

"அம்மா, டிவி ஓடுதா?"

"இல்ல கண்ணு. அணைச்சுத்தான் கெடக்குது."

"அப்பா வீடியோ ஓடுதுன்னு காட்டுதும்மா."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஆமா சாமி. அவராப் போட்டுப் பாத்துக்கறாரு. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது. போன வை."

போனை வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். இனியும் தள்ளிப்போட்டால் சிரமமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு முறை அடுப்பு எரிவது தெரியாமல் சேலைத் தலைப்பைப் பக்கத்தில் கொண்டுபோய், அது கருகிய பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அப்படியிருந்தும் குறித்த நாளை அம்மா இரண்டு முறை மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டால் ஏதேதோ சொல்வார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாலு மணிக்கு வீட்டில் ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் அம்மா எங்கும் நகராமல் இருக்கிறார். கோயிலுக்குப் போவதுகூட நின்றிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். அம்மா எதிரே அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அணைந்திருந்த டிவியைப் பார்த்தபடி கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். ரிமோட் அந்த நாற்காலியின் மேல் இருந்தது. கீழே மெஷின்கள் ஓடும் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது.

நாலு மணி சுமாருக்கு லேப்டாப்பில் 'டிவி, ஓடிக்கொண்டிருக்கிறது' என்று வந்தது.

எதிரே டிவி கறுப்பாகத்தான் இருந்தது. எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்து பார்த்தேன். அப்போதும் 'டிவி, ஓடிக்கொண்டிருக்கிறது' என்றுதான் இருந்தது. சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

"நாந்தான் சொன்னனல்ல" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்துக் கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சட்டென்று வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில், தெளிவில்லாமல், எங்கோ அடியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

அம்மா என் முகத்தையே பார்த்தார். "உனக்கும் கேக்குதா?"

தலையை ஆட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாடிப்படியில் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் குரல் தெளிவானது. "ஏனுங்க மாஸ்டர், பொரி பூராத்தையும் நீங்களே மொக்கிப்போட்டா மிசினுக்கு என்னத்த வெக்கறதுங்க?" அப்பா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் கால் வைத்தபோது, குரல் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அதே இழுப்பு, அதே அழுத்தம்.

"ஏனுங்க, டீ சாப்பிடறீங்களா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் டீ கேனோடு நின்றிருந்தார். நான் பயந்ததைப் பார்த்து அவரும் பயந்துபோனார்.

உள்ளே, பேக்கிங் செய்யும் அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்புக் கேமரா காட்சிகளைப் பார்க்க மாட்டியிருந்த டிவியில், அப்பா எடுத்த வீடியோ. நாலு மணி அவர்களின் டீ நேரம்.

"வாங்க கண்ணு வாங்க" என்று செக்கிங் பார்க்கும் அக்கா எழுந்தார். அப்பா காலத்திலிருந்தே இங்கே வேலை பார்ப்பவர். "எங்களுக்கோசரம் இதப் போட்டு உட்டீங்களே, ரொம்ப சந்தோசமுங்க. டிவிய நோண்டிட்டு இருந்தப்ப உங்க ஊட்டுப் பேரு வந்துது. அமுக்குனா அய்யா பேசறாருங்க!"

அயர்ன் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வீடியோவில் பொரிக்குத் திட்டு வாங்கியவரும் அவர்தான். "மொதலாளி போயும் என்னைய விடலம்மா. தெனமும் நாலு மணிக்கு இந்தப் பயலுவ முன்னால வச்சு மானத்த வாங்குதாரு" என்று என்னிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா டீ கேன்காரரைக் காட்டினார். "இவன் அய்யாவப் பார்த்ததே இல்லீங்க. தமிழே அவருகிட்டத்தான் கத்துக்கறான். 'ஏனுங்க'ன்னு கூப்டான்னா எனக்கே தூக்கிவாரிப் போடுதுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மாடி ரூட்டரைப் பாலமாக்கியபோது, கீழ்க் கம்பெனியும் மேல் வீடும் ஒரே வீடாகிவிட்டன. சென்னையிலிருந்து உள்ளே வர வழி பார்த்த நான், ஒரு மாடி கீழேயிருந்து வர வழி திறந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. இரண்டு டிவியும் ஒரே பிராண்டு. அதனால் சர்வர் இரண்டுக்கும் ஒரே பெயரைக் காட்டியது.

மேலே போய் அம்மாவிடம் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னேன். அம்மாவைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போய்க் காட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் அப்பா போன பிறகு அம்மா கம்பெனிக்குள் காலே வைத்ததில்லை. சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது. இருப்பதாக அவர் நம்பிய ஒருவரை நான் இல்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

அம்மா கேட்டதோ வேறு.

"அப்ப, காதுல உளுந்தது அவரு கொரலேதானா?"

"அவரோடதுதாம்மா. வீடியோவுல இருக்கறது."

"நானா நெனச்சுக்கல?"

"இல்லம்மா. நானும் கேட்டனல்ல."

அம்மா பெருமூச்சு விட்டார். "எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சன் கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போனா கண்ணப் பாக்கறவங்க புத்தியையும் பாத்துப்போடுவாங்களோன்னு பயம். உங்கிட்டக்கூட கொரலப் பத்தி வாயத் தொறக்கல." சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "டாக்டருக்குப் போனப் போடு. அப்பறம், கீழ ஓடறத நிறுத்திப்போடாத. பாவம், டீ குடிக்கற நேரம்."

வீடு, கம்பெனி என்று இரண்டையும் மறுபடி பிரித்துவிட்டேன். சென்னையிலிருந்து வர, பூட்டிய தனிப் பாதை ஒன்று போட்டிருக்கிறேன். கீழே உள்ள டிவிக்கு மட்டும் ஒரு சின்ன வழி விட்டிருக்கிறேன், அதில் ஆயுத பூஜை வீடியோக்கள் மட்டும் தெரியும். அந்த டிவிக்கு வேறு பெயரும் வைத்தாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அடுத்த கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறோம். கோயிலுக்கும் போய்வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி பூட்டியிருக்கும், கீழே மின்சாரத்தையும் நிறுத்திவிடுவார்கள். போன ஞாயிறு போனில் பேசும்போது, "இன்னைக்கும் கேட்டுது கண்ணு" என்று அம்மா இயல்பாகச் சொன்னார். பேசியபடியே பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அன்று எந்த வீடியோவும் ஓடவில்லை. சரிசெய்ய வேண்டியவை என்று எப்போதும் ஒரு பட்டியல் வைத்திருப்பேன். இதை அதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.