பாயை விட்டு எழுந்தவர்கள்

கோயில் வேலையில் ஆட்களை உள்ளே வரவைப்பது ஒரு பாடு என்றால், வந்து பாயில் உட்கார்ந்தவர்களில் ஒருவரை எழுப்பி, "நீங்களும் ஏதாவது செய்யுங்களேன்" என்று கேட்பது பெரும்பாடு.

உங்கள் பங்கிலும் இந்த வேலையை யாராவது ஒருத்தர் தலையில் கட்டியிருப்பார்கள். அந்த ஒருத்தர் நீங்களாக இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஜவ்வாது மலையில் எங்கள் பங்கு சின்னது. சுற்றிலும் சாமையும் புளியும் பார்க்கிற இந்துக் குடும்பங்கள், நடுவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் ஐம்பது அறுபது வீடு. நான் சந்தவாசல் பக்கத்துக்காரி. பதினோரு வருடமாக இங்கே பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறேன், வீடு வீடாகப் போகிறேன், ஃபாதர் ஊரில் இல்லாத நாளில் செபம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாருக்கும் நான் டீச்சர்.

போன வருடம் புது ஃபாதர் வந்தார். இளவயசு, தெற்கத்திக்காரர், நல்ல மனசு. வந்த மாதமே பிரசங்கத்தில், கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரு கொடை கொடுத்திருக்கிறார், அதை வீட்டில் பூட்டி வைக்காமல் பங்குக்குக் கொண்டுவாருங்கள் என்றார். கேட்க அழகாகத்தான் இருந்தது. பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, இத நீங்க பாத்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொண்டதில் நடந்தவைதான் இவை.

ஆடா, மெஷினா

ஃபாதர் ஒரு படிவம் அடித்துக் கொடுத்தார். பெயர், ஊர், குடும்பத்தில் எத்தனை பேர், "உங்களிடம் உள்ள திறமைகள்", கடைசியில் கையெழுத்து. வீடு வீடாகக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வாங்கப் போனேன். ஒவ்வொரு படிவத்தோடும் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், சில வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் போட்டோ. பெயரும் ஊரும் கேட்டு ஒரு தாள் வந்தால் அது அரசாங்கத் திட்டம்தான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். திறமை என்ற இடத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் "எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஏதாவது இருக்கிறது என்று எழுதினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

ஸ்டெல்லா வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். இது திட்டம் இல்லை, நமக்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை, நாம்தான் கோயிலுக்குத் தரப்போகிறோம், பாடத் தெரிந்தால் பாடலாம், கோலம் போடத் தெரிந்தால் போடலாம். ஸ்டெல்லா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒருத்திக்காவது புரிந்ததே என்று எழுந்தேன். தெருமுனை வரை கூடவே வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அல்லாம் சரிங்க டீச்சர், ஆடு குடுப்பாங்களா, தையல் மெஷின் குடுப்பாங்களா, அத்த மட்டும் சொல்ட்டுப் போங்க."

மேற்பார்வை

ஒரே ஒரு படிவம் ஒழுங்காக நிரம்பி வந்தது. முத்து முத்தான கையெழுத்து. லாசர் அண்ணன் கொடுத்தது. அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திறமை என்ற இடத்தில் "மேற்பார்வை" என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை கோயிலைச் சுத்தம் செய்தோம். அவர்தான் முதலில் வந்தார், வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு. பெண்கள் வெயிலில் பெருக்கினோம். அவர் நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பத்து மணிக்கு மேல் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. துணிந்து துடைப்பத்தை அவரிடம் நீட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என்மேல் இரக்கம்தான் வந்தது.

"அல்லாரும் பெருக்கப் போய்ட்டா, சரியா பெருக்கறாங்களான்னு யாருங்க டீச்சர் பாக்கறது?"

கீபோர்டு

எங்கள் பாடகர் குழுவில் ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் ஐந்து சுருதி. ஜோசப் திருப்பத்தூரில் தங்கி ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கீபோர்டு வாசிப்பான் என்று அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று மாதம் கெஞ்சினேன். கடை முதலாளியிடம் பேசி ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வாங்கினான்.

முதல் ஞாயிறு, பஸ் மலையேறி வந்து சேர்ந்தபோது பூசை முடிகிற நேரம், நற்கருணையே கொடுத்து முடிந்திருந்தது. இரண்டாவது ஞாயிறு, வளைவில் மரம் விழுந்து பஸ்ஸே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, பைக்கில் கீபோர்டைக் கட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் மழை. பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீர். அதை ஒரு வாரம் பிரித்துக் காயவைத்துச் சரிபண்ணி, நாலாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டான். ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, வயரைச் சொருகினான். ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டார். கரண்ட் போய்விட்டது.

பூசை முடியும்வரை கரண்ட் வரவே இல்லை. ஜோசப் எழுந்து போகவில்லை. நாங்கள் ஐந்து சுருதியில் பாடினோம். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் விரல்கள் அந்தச் செத்த கட்டைகள்மேல் ஓடிக்கொண்டே இருந்தன. அடுத்த வாரத்திலிருந்து விடுப்பு கிடையாது என்று முதலாளி முன்னாடியே சொல்லிவிட்டாராம். வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"நான் எல்லாப் பாட்டுக்கும் வாசிச்சேன் டீச்சர். உங்களுக்குத்தான் கேக்கல."

வூடு

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ராணி மலைக்காரி. எட்டாவது வரை படித்தவள். புளி சீசனில் புளி தட்டப் போவாள், மற்ற நாளில் சாமைக் கொல்லையில் கூலி. படிவம் கொடுத்த வீடுகளில், தானாக வந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். "பூசையில வாசகம் வாசிக்கணும், நான் வாசிக்கட்டுமா டீச்சர்?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரத்து பைபிள் வாசகத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள். கொல்லையில் களை எடுத்துக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நல்ல புடவை, தலை நிறையப் பூ. பாதிவரை ஒரு தடங்கலும் இல்லை. அப்படி ஒரு கணீர்க் குரல். அப்புறம் "வீடு" என்று இருந்த இடத்தில் "வூடு" என்று வாசித்தாள். பாடகர் குழுப் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. அடுத்த வரியிலும் அதே சொல் இருந்தது. ராணி நிறுத்தினாள், தாளைப் பார்த்தாள், மறுபடி "வூடு" என்றாள். அவளுக்கு அப்படித்தான் வரும். இந்த முறை பீடத்தில் ஃபாதரும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். நானும் சிரித்தேன். ஒரு நொடிதான். ஆனால் அவள் அந்த நொடியில் என்னைத்தான் பார்த்தாள், தைரியத்துக்காக.

மீதியை முழுசாக வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தத் தாளை என் கையில் கொடுத்தாள். நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். அவள் அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. இப்போதும் வருகிறாள், கடைசிப் பாயில் கதவோரம் உட்காருகிறாள், பாட்டுக்குக்கூட வாய் திறப்பதில்லை. அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்:

"எங்க வூட்ல பேசறத சாமி வூட்ல பேசக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது டீச்சர்."

பிரஷர்

ஜெனிபர் நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். பூசைக்குப் பிறகு கோயில் வராந்தாவில் எல்லாருக்கும் பிரஷர் பார்க்கிறேன் என்றாள். முதல் வாரம் வரிசை வாசலைத் தாண்டியது. பக்கத்து ஊர் இந்துக் குடும்பங்களிலிருந்தும் வந்தார்கள். ஃபாதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான்.

மூன்றாவது வாரம் சவரிமுத்து வந்து கையை நீட்டினார். ஆள் பாறை மாதிரி, ஒரு மாத்திரை முழுங்கியதில்லை. ஜெனிபர் ஒருமுறை பார்த்தாள், மறுபடி பார்த்தாள், மூன்றாவது முறையும் பார்த்தாள். "பெரியப்பா, இப்பவே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வர்றேன்" என்றாள். அவர் சிரித்தார். அவள் விடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எல்லார் முன்னாலும் கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "படிச்சிட்டு வந்து மனுசன பயமுறுத்துது பாரு" என்று எழுந்து போனார். அடுத்த வாரம் வராந்தாவுக்கு ஒருத்தரும் வரவில்லை. ஜெனிபர் மெஷினை வைத்துக்கொண்டு ஒருமணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே சவரிமுத்து கொல்லையில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. ஆம்புலன்ஸில் கூடப் போனதும் ஜெனிபர்தான், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூட இருந்ததும் அவள்தான். ஊருக்குத் திரும்பினால் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. அடுத்த மாதம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் போன பிறகு சவரிமுத்துவைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி அருள்மேரி எனக்குக் காபி கொடுத்தார், கணவருக்கு வாயைத் துடைத்துவிட்டார், பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்:

"நல்லாத்தான் இருந்தாரு டீச்சர். அந்தப் பொண்ணு பாக்காம வுட்டிருந்தா இவருக்கு வந்தே இருக்காது."

ஆழம்

எங்கள் கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. இரண்டடிதான் மண், அதற்குக் கீழே பாறை. அங்கே குழி எடுப்பவர் சின்னப்பன். யாராவது இறந்துவிட்டால் கோயில் மணி அடிக்கும் முன்பே கடப்பாரையும் மண்வெட்டியுமாகச் சரிவில் நிற்பார். பாறையில் எந்த இடத்தில் விரிசல் ஓடுகிறது, எந்தப் பக்கம் நெம்பினால் பெயரும் என்று தட்டிப் பார்த்தே சொல்வார். அவரிடமும் படிவத்தை நீட்டியிருக்கிறேன். "எனக்கு இன்னா டீச்சர் தெரியும்? பாடத் தெரியாது, படிக்கத் தெரியாது" என்றார். நான் அதை அப்படியே நம்பி, அவர் பெயருக்கு நேராக "இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மறுநாள் மதியம் அடக்கம். பெட்டி வந்தது, மாலை வந்தது, சொந்தக்காரர்கள் வந்தார்கள். பூசை தொடங்கும் நேரத்தில்தான், குழி யார் எடுத்தது என்று யாரோ கேட்டார்கள். எங்கள் ஆண்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்று இடத்தில் தோண்டினார்கள். மூன்றிலும் முழங்கால் ஆழத்தில் பாறை. பூசை முடிந்து பெட்டி சரிவுக்கு வந்துவிட்டது. தார்ப்பாய் பிடித்து, அதன் கீழே அவரை வைத்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர், யாரும் கூப்பிடாமலே, செய்தி கேட்டு வந்தார்கள். சின்னப்பனோடு கிணறு வெட்டிய ஆட்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு மணி நேரம். அவர்களில் ஒருவர், கோவிந்தன், இடுப்பளவுக் குழியில் நின்று முகத்து மழையை வழித்துவிட்டு, "எங்க பக்கம் வேற மாதிரிங்க. உங்களுக்கு இது போதுமா, இன்னும் போணுமா?" என்று கேட்டார். நான் ஃபாதரைப் பார்த்தேன். ஃபாதர் பங்குப் பேரவை ஆட்களைப் பார்த்தார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். சின்னப்பனின் மனைவி பெட்டிமேல் வைத்த கையை எடுக்காமல் சொன்னார்:

"எவ்ளோ ஆழம்னு அவருதாங்க சொல்லுவாரு."

யாரிடம் என்ன கொடை இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் எங்கள் பங்குக்கு ஒரு குறையும் இல்லை, ஆள் போன மறுநாளே மிகச் சரியாகத் தெரிந்துகொண்டுவிடுகிறோம்.