வெட்டு உண்டு

எழுத்தில் ஆரம்பிக்காமல் சொல்லில் ஆரம்பித்துப் பாடம் நடத்துவது என் கண்டுபிடிப்பு என்று பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உண்மைக் காரணம் வேறு. உயிர்மெய் வரிசை பாதியில் எனக்கே குழம்பிவிடும்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்போது நான் வாத்தியார். காலையில் பிள்ளைகள்; மத்தியானம் ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள். கையெல்லாம் ஒட்டுப்பால் நாற்றத்தோடு வந்து உட்காருகிறவர்களிடம் அணிலையும் ஆட்டையும் காட்டினால் சிரித்தார்கள். ஆகவே உளி, வாளி, பால் பிடிக்கும் மங்கு என்று அவர்கள் தொடுகிற சாமான்களை வைத்தே ஒரு புத்தகம் எழுதி, சிங்கப்பூரில் அச்சடித்தேன். முதல் பக்கத்தில் இரண்டே வரி: "மழை இல்லை. வெட்டு உண்டு."

தோட்டத்தில் மரம் சீவுவதற்கு வெட்டு என்று பேர். வெட்டு உண்டு என்றால் அன்றைக்குக் கூலி உண்டு, உலை உண்டு. அதைவிட இனிப்பான சொல் அங்கே கிடையாது.

என் வகுப்பில் முதலில் வாசிக்கப் பழகியவள் ஒரு விதவை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தோட்டத்திலேயே பிறந்தவள். ரப்பர் விலை விழுந்து, ஆட்களை மூட்டையோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றத் தொடங்கியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு மூன்று வாரமாக வெட்டு இல்லை.

"ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்றாங்களே வாத்தியாரே, அந்த ஊரு எந்தப் பக்கம் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

நான் கிழக்கே கையைக் காட்டினேன். மேற்கு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் ஜொகூர் பாருவில் எனக்கு ஒரு பேச்சு. எழுத்துத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று இரண்டு மணி நேரம் முழங்கினேன். முன்வரிசையில் ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளி தூங்கி விழுந்தார். தலையாட்டி ரசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தால், அக்கா என் வாசலில் சர்க்கரையோடு நிற்கிறாள்.

"கையை நீட்டுங்க வாத்தியாரே. ஆபீசுப் பலகையில கிராணி எழுதி ஒட்டியிருக்காரு. நான்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். 'நாளை முதல் வெட்டு.' கீழ இருபது பேரு. மொதப் பேரு என்னுது."

"அப்புறம் என்னக்கா கவலை?"

"புத்தகத்துல இருக்கற அதே எழுத்து," என்றாள்.

பலகை நூறடி தூரம்தான். போய் ஒரு தரம் பார்த்திருக்கலாம். பேச்சு எப்படி இருந்தது என்று அவள் கேட்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. சர்க்கரையைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடியற்காலைப் பெரட்டில், ஆள் எடுக்கும் நேரத்துக்கு, இருபது பேரும் உளியும் வாளியுமாக வந்து நின்றார்கள். கங்காணி புரியாமல் விழித்தார்.

"உங்க பேரையெல்லாம் வெட்டியாச்சே. நோட்டீசு படிக்கலையா?"

"படிச்சோமே," என்றாள் அக்கா.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போய் நான் சத்தம் போட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரலை வாத்தியாரே. முன்னன்னா சொல்லித்தான் ஆகணும். இப்ப உங்க புண்ணியத்துல படிக்கத் தெரியுதேன்னு எழுதி ஒட்டிட்டேன்."

பிறகு வந்த பதிப்புகளில் முதல் பக்கம் "மழை இல்லை" என்பதோடு நின்றுவிடும். ஏன் என்று கேட்டவர்களிடம், காகிதம் மிச்சம் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. அக்கா ஏறப் போனவள் என்னிடம் திரும்பினாள்.

"நான் எழுத்துக் கூட்டினது சரிதானே வாத்தியாரே?"

"சரிதான்க்கா. ஒரு பிழையும் இல்லை."

தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் எல்லாரும் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் கிழக்கே முகத்தைத் திருப்பி, நான் கைகாட்டிய பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.