கதவோர நாற்காலி

கூட்டங்களில் வாய் திறக்காத நான் ஸ்டெல்லா அக்காவைப் பற்றி எழுத வந்ததை அகராதிக் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை காலை மயிலாடுதுறைப் பேருந்தில் இருந்தபோது அவருடைய தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்கம்மா." அச்சாகி வந்த எங்கள் ஆங்கிலம்-தமிழ் மாணவர் அகராதி என் மடியில் இருந்தது. அவருக்குக் காட்டத்தான் எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அக்கா குத்தாலத்து லுத்தரன் குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்லூரி ஆங்கிலத் துறையில் எனக்குப் பக்கத்து மேசை. என் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலையில் சேர்ந்த அன்று அவர் "மேடம்" என்று கூப்பிட, வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். "உங்களத்தான் மேடம்" என்று சிரித்தார்.

'ரொட்டேட்' என்ற சொல்லில் குழு நின்றுவிட்டது. சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன் அச்சில் சுழல்வது என்பது பொருள். அதோடு முடிக்கலாம் என்றார் தலைவர். ஒருவர் மாற்றி ஒருவர் முறை எடுப்பதற்கும் அச்சொல் வழங்குகிறது. தண்ணீர் குறைந்தால் எங்கள் ஊரில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கும் கடைமடை வயலுக்கே முதல் முறை. அந்த எடுத்துக்காட்டு இருந்தால் எங்கள் பிள்ளைகள் அச்சொல்லைத் தங்களுடையதாகவே படிப்பார்கள் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் அதைக் குழுவின் முன் வைத்தார்.

"அகராதில வாய்க்கால் எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

நல்ல வெயில் காலம். அக்கா தண்ணீர்க் கூஜாவை அவரிடம் நீட்டினார். "ஊத்திக்கிட்டு அப்படியே அனுப்புங்க சார்."

மேசையைச் சுற்றிய கூஜா, கதவோரம் இருந்த என்னிடம் காலியாக வந்தது. அக்கா அதை நிரப்பி வந்து என் முன் வைத்தார்.

"நீங்க தலைமடை சார், இவங்க கடைமடை. இந்தத் தடவை இங்கேருந்து ஆரம்பிக்கட்டும். மேடம், குடிச்சிட்டுப் பேசுங்க."

குடித்தேன். எழுந்தேன். முறை வைப்பது எப்படி, யார் மடையைத் திறப்பது, யார் காவல் இருப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூஜா தலைவரை அடைந்தபோது அதில் இன்னும் தண்ணீர் இருந்தது.

"எனக்கும் மிச்சம் வச்சிருக்கீங்களே. போட்டுடுவோம்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைத் தட்டினார். "ஜெயிச்சாச்சு. டீ உங்க செலவு."

அகராதியில் அந்த வரி இருக்கிறது: 'வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறோம்.' அடக்கத்தன்று அந்தப் பக்கத்தை விரித்து, கொஞ்ச நேரம் அவர் கையருகே வைத்திருந்தேன். போய் வாருங்கள், அக்கா. நாம் ஜெயித்தது எல்லா வகுப்புக்கும் போகிறது.

குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தைக் கதவோர நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் உட்காரட்டும். கூஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்காவின் இடத்தை எனக்குக் கொடுங்கள்.